ஒரு புற்று குணமான பின் இன்னொன்று வருமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயதில் இடது அட்ரினல் சுரப்பியில் நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்புக்கட்டி வந்தது. கீமோதெரபி, அறுவை சிகிச்சை, வயிற்றில் கதிர்வீச்சு மூன்றும் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். இப்போது அவளுக்கு 21 வயது. வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், "இவளுக்கு வேறொரு புற்று கட்டாயம் வரும், ஆண்டுதோறும் பெட் ஸ்கேன் எடுங்கள்" என்கிறார் உறவினர் ஒருவர். இது பரம்பரையாகவும் தொடருமா?
– ஒரு தாய், செம்பூர், மும்பை

பதில்: கட்டாயம் வரும் என்பது தவறு. சம வயதுப் பெண்களைவிட உங்கள் மகளுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பது உண்மைதான். ஆனால், இவ்வாறு குணமானவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது புற்று வருவதே இல்லை. அந்தக் கூடுதல் வாய்ப்புக்கும் பெரும்பாலும் காரணம் பழைய கட்டி அன்று, அதை அழிக்கக் கொடுத்த சிகிச்சையே.

கீமோதெரபியில் கொடுக்கப்படும் எட்டோபோசைடு மருந்தால் ரத்தப் புற்று வருவதானால், சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வரும். சைக்ளோபாஸ்பமைடு போன்றவற்றால் வருவது ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் தென்படும். 18 ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்தக் காலத்தை உங்கள் மகள் ஏறத்தாழக் கடந்துவிட்டார். கதிர்வீச்சின் கணக்கு வேறு. அதனால் உண்டாகும் கட்டிகள் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே, கதிர் பட்ட இடத்திலும் அதன் ஓரங்களிலும் தோன்றுகின்றன என்பதால், எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கொடுக்கப்பட்டது என்ற விவரம் உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் பழைய கோப்பு எண்ணைக் கொடுத்து, மருந்துகளின் மொத்த அளவையும் சேர்த்து, சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்குங்கள். குழந்தைப் பருவத்தில் புற்றிலிருந்து மீண்டவர்களுக்கென்றே பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் 1991 முதல் தனிக் கிளினிக் நடைபெறுகிறது. அந்தச் சுருக்கத்துடன் அங்கே செல்லலாம்.

வயிற்றில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பெருங்குடல் பரிசோதனையை 30 வயதில் தொடங்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். கதிர்ப்பரப்பு மார்பைத் தொட்டிருந்தால் மார்பகப் பரிசோதனையை 25 வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கலாம். சுருக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். இவை தவிர, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவர் தொட்டுப் பார்க்கும் முழு உடல் பரிசோதனை போதும். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஆண்டுதோறும் பெட் ஸ்கேன் எடுப்பது, ஏற்கெனவே கதிர் பட்ட உடலில் மேலும் கதிரை ஏற்றுவதாகும்; உறவினரின் அக்கறையை மதியுங்கள், யோசனையை விட்டுவிடுங்கள். மலத்தில் ரத்தம், கதிர் பட்ட இடத்தில் புதிய கட்டி, மாறிவரும் மச்சம் ஆகியவை தென்பட்டால் காத்திருக்கக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடாமல் இருந்தால் இந்த வயதிலும் போட்டுக்கொள்ளலாம்.

நியூரோபிளாஸ்டோமாவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே குடும்பவழி வருவது, அதற்கு ஏ.எல்.கே., பாக்ஸ்-2பி ஆகிய மரபணுக்களின் மாற்றம் காரணம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்றால் அச்சம் குறைவு. ஆயினும், திருமணத்துக்கு முன் மரபியல் ஆலோசகர் ஒருவரை மகளே நேரில் கண்டு பேசுவது நல்லது.

கேள்வி: எனக்கு 34 வயது. நரம்புகளில் முடிச்சுகள் வளரும் மரபணு நோயான நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை உள்ளது. சென்ற ஆண்டு தொடையிலிருந்து நரம்புறைப் புற்றை அகற்றினார்கள். இனி நுரையீரல் ஸ்கேன் மட்டும் போதுமா?
– வாசகி, தாராவி

பதில்: போதாது. அந்த ஸ்கேன் பழைய புற்று பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. உங்களிடம் சிகிச்சையைவிட மரபணுவே முதன்மைக் காரணம் என்பதால் புதிய புற்றுகளையும் தனியே கண்காணிக்க வேண்டும். இந்த நோயுள்ள பெண்களுக்கு 50 வயதுக்கு முன் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே 30 வயது முதலே ஆண்டுதோறும் மாமோகிராம் பரிந்துரைக்கப்படுகிறது. நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த மாதமே எடுங்கள். உடலில் உள்ள முடிச்சுகளில் ஏதேனும் ஒன்று வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, ஓய்விலும் வலித்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதி வரை பொறுக்காமல் உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.