சிமென்ட் பூசிய கோபுர வீட்டில் ஓதம்: சிலிக்கான் அடிக்கலாமா?

கேள்வி: ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் 400 ஆண்டுப் பழைமையான கோபுர வீடு (கோபுரம்போல் உயர்ந்த, கோட்டை மாதிரியான கல்வீடு) ஒன்றைப் பராமரிக்கிறோம். 1970-களில் பூசிய சிமென்ட் பூச்சில் மயிரிழை விரிசல்கள். உள்ளே ஓதம், உப்புப் பூக்கிறது. நீர் புகாமல் தடுக்கும் சிலிக்கான் பூச்சு அடித்தால் ஓதம் நிற்குமா?

பதில்: நிற்காது, கூடவே சுவரைக் காயவும் விடாது. இச்சுவர்களில் வெளியேயும் உள்ளேயும் கல்வரிசை, நடுவே சுண்ணாம்புச் சாந்தில் இட்ட கல்துண்டுகள். விரிசலில் புகும் மழைநீர் திரும்ப வெளியேற சிமென்ட் வழிவிடாது. அது உள்பக்கம் திரும்பி, உத்திரங்களின் முனைகளை உளுக்க வைக்கும். உங்கள் அபர்டீன்ஷயரிலேயே 1626-இல் கட்டி முடிந்த கிரெய்கீவர் கோட்டையிலும் இதே கதைதான். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினார்கள்.

முதலில், நல்ல மழையில் வெளியே நின்று கூரைக் கால்வாய், மூலைக்கோபுரம் கூரையோடு சேரும் இடம், புகைபோக்கி அடி ஆகியவற்றைப் பாருங்கள். பாதி ஓதம் அங்கிருந்துதான் வரும். இதைச் சரிசெய்யாமல் பூச்சில் பணம் போடுவது வீண்.

பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதென்றால் பூச்சை எடுக்க உள்ளாட்சி மன்றத்தின் முன் அனுமதி தேவை. வௌவால் தங்கினால் ஸ்காட்லாந்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட்டின் உரிமமும் வேண்டியிருக்கும்.

அடுத்து, சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிக்கும் இடம் எளிதில் கழன்று வரும். மற்ற இடத்தில் ஒரு சதுர மீட்டர் மட்டும் கையுளியால் எடுத்துச் சோதியுங்கள். சிமென்டோடு கல்லின் முகமும் பெயர்ந்தால் நிறுத்திவிட்டு, பழைய கட்டடங்களில் பழகிய பொறியாளரைக் கூப்பிடுங்கள். இயந்திர உளி வேண்டவே வேண்டாம்.

இடைவெளிகளில் சிறு கற்களைச் சாந்தோடு இறுக்கிவிட்டு ஹார்லிங் (சுண்ணாம்புச் சாந்தைச் சுவரில் எறிந்து பூசும் முறை) தொடங்கலாம். கலவை: 3.5 ரக இயற்கை நீரியல் சுண்ணாம்பு (நீர் பட்டு இறுகும் வகை, NHL 3.5) ஒரு பங்கு, 8 மில்லிமீட்டர் வரை பருக்கை கலந்த கூர்மணல் சுமார் மூன்று பங்கு. சுவரை நனைத்து, கரணையால் விசிறி எறியுங்கள், தேய்க்காதீர்கள். எறியும் வேகத்தில் சாந்து தானே இறுகும், சொரசொரப்பான பரப்பில் நீர் விரைவாக ஆவியாகும். ஒவ்வொரு பூச்சும் 10 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஈரச் சாக்கால் மூடி மெதுவாகக் காயவிடுங்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலை கூடாது. உறைபனி பட்டால் பூச்சு பொடிந்துவிடும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பருக்குள் முடிப்பதே பாதுகாப்பு.

மேலே பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை ஐந்து முறை அடியுங்கள். அவசரப்பட்டுக் கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உதிரும்.

உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், புகைபோக்கியை அடைக்கவும் வேண்டாம். இவ்வளவு கனமான சுவர் காய வருடக்கணக்காகும். அதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உத்திர முனைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். ஊசி சுலபமாக இறங்கினால் தச்சரை அழைத்துவிடுங்கள்.