களஞ்சியம் நிறையக் கோதுமை, காற்றில் பிராணவாயு இல்லை

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை ஒருவரின் பதில்கள்)

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுகிறாள். நிலவில் ஆறு பேர் தங்கியிருக்கும் தளத்துக்குப் பயிர் வளர்த்துத் தர வேண்டும். விளக்கு, தண்ணீர், விதை எல்லாம் அவள் பொறுப்பு. எல்லாத் தட்டுகளிலும் கோதுமை விதைத்து, நன்றாக விளைந்ததும் ஒரே நாளில் அறுத்தாள். சில நாட்களில் பிராணவாயு குறைந்து ஆட்டம் முடிந்துவிட்டது. இவ்வளவு தானியம் இருந்தும் எப்படித் தோற்றேன் என்று அழுகிறாள். விளையாட்டில் பிழையா?
- ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: பிழை இல்லை ஐயா. விளையாட்டைச் செய்தவர்கள் சரியான இடத்தில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவள் நான். அதைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகளோ அதற்குள்ளேயே போய் நின்றுவிட்டாள்.

ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 840 கிராம் பிராணவாயுவை உள்ளே இழுத்து, ஒரு கிலோ அளவுக்குக் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். பூட்டிய தளத்துக்குள் அந்தக் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு பிராணவாயுவைத் திருப்பித் தருவது பச்சை இலைதான். கதிர் முற்றி இலை பழுக்கும்போதே அந்த வேலை மந்தமாகிவிடும். அறுத்த தட்டில் நின்றே போகும். ஆறு பேரின் மூச்சு மட்டும் நிற்காது. சேர்த்து வைத்த கோதுமையைத் தின்னத் தின்ன, அது விளைந்தபோது வெளிவிட்ட பிராணவாயுவையே உடல் திரும்பச் செலவழிக்கிறது.

இதை ரஷ்யர்கள் நிஜமாகவே செய்து பார்த்தார்கள். சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் 1972இல் பயோஸ்-3 என்ற, 315 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய கூடம் தயாரானது. அதற்குள் மூன்று பேர் 180 நாட்கள் வாழ்ந்தார்கள். அங்கே கோதுமையை ஒரே வயதில் வைக்கவில்லை. ஒரு தட்டில் முளை, அடுத்ததில் தூர் கட்டும் பயிர், இன்னொன்றில் பால் பிடிக்கும் கதிர் என்று வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்றை அறுக்கும் நாளில் மற்றவை காற்றைப் பார்த்துக்கொள்ளும்.

கீரைத் தோட்டக்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இது அந்நியமான செய்தி இல்லை. அப்பா மூன்று நாளைக்கு ஒரு பாத்தி சிறுகீரை விதைப்பார். ஒருமுறை காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டார். அந்த நாட்களில் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்பே விதைத்தவை வந்துகொண்டிருந்தன. மூன்று வாரம் கழித்துத்தான் அம்மா வெறுங்கூடையோடு தோட்டத்திலிருந்து திரும்பினாள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் தட்டுகளை ஐந்து பங்காக்கி, பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டு விதைக்கட்டும்.

எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் தோற்கிற ஆட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர்-2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அடைந்து வாழ்ந்தார்கள். உள்ளே பயிர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது; ஆனாலும் காற்றில் 20.9 சதவீதம் இருந்த பிராணவாயு 14.5 சதவீதத்துக்கு இறங்கியது. வளமான மண்ணுக்காகக் கொட்டிய உரத்தைத் தின்ற நுண்ணுயிர்கள் மூச்சு விட்டபடியே இருந்தன. அவை விட்ட கரியமில வாயுவில் ஒரு பெரும் பகுதியை கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டதால் செடிகளுக்கு அது திரும்பிவரவில்லை. கடைசியில் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று. மண்ணும் சுவரும் மூச்சுக் கணக்கில் சேரும் என்று எந்தப் பிள்ளைக்கு இயல்பாகத் தோன்றும்? பெரியவர்களுக்கே தோன்றவில்லை.

கேள்வி: விண்வெளியில் எடையே இல்லாதபோது செடிக்கு எப்படித் தண்ணீர் ஊற்றுவார்கள் அம்மா?
- பத்தாம் வகுப்பு மாணவன், விருதுநகர்

பதில்: ஊற்றவே முடியாது தம்பி. அங்கே தண்ணீர் கீழே வடியாமல் வேரைச் சுற்றி உறைபோல ஒட்டிக்கொள்ளும். வேர் காற்றில்லாமல் அழுகும். அதனால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2014இல் பொருத்திய 'வெஜ்ஜி' என்ற சிறு தோட்டத்தில், நுண்துளையுள்ள சுட்ட களிமண் மணிகளை அடைத்த சிறு தலையணைகளில் விதைக்கிறார்கள். தண்ணீர் திரி வழியாக ஏறி விதைக்கு வருகிறது. அப்படி விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை 2015 ஆகஸ்டில் வீரர்கள் சாப்பிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து வைத்த ஜினியாப் பூச்செடியின் கதை. ஈரம் மிகுந்து இலைகளில் பூஞ்சை படிந்தது. எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்ற அட்டவணை பூமியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்குப் போனால் இதை நாங்களேதானே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டு, ஸ்காட் கெல்லி என்ற வீரர் பொறுப்பை வாங்கிக்கொண்டார். நாசாவின் விஞ்ஞானிகளும் நீண்ட அட்டவணையை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பக்கக் குறிப்பை அனுப்பினார்கள். அவர் செடியைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட்டார். சில செடிகள் பட்டுப்போயின. மற்றவை 2016 ஜனவரியில் பூத்தன.

கேள்வி: நம் நாட்டுப் பயிர் ஏதாவது மேலே போயிருக்கிறதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போயிருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில் இஸ்ரோ எட்டுத் தட்டைப்பயறு விதைகளை அனுப்பியது. நான்காம் நாள் முளைத்து, பிறகு இலையும் விட்டது. 2025இல் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் பச்சைப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்தார். தட்டைப்பயறு முளைத்த செய்தி வந்த அன்று நானும் ஒரு தொட்டியில் எட்டு விதை ஊன்றினேன். ஏழு முளைத்தன. இப்போது பந்தலில் காய் தொங்குகிறது.