ஆசை குதிரை மேலே, வேலை குதிரைக்குக் கீழே: ஒரு லாடக்காரரிடம் வடசென்னைக் கேள்விகள்

அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ஜட்கா ஓட்டியவர். நான் 1985-ல், பதினாறு வயதில், பந்தய லாயத்துக்கு சைஸ் வேலைக்கு, அதாவது குதிரையைப் பராமரிக்கிற வேலைக்குப் போனேன். அப்புறம் லாடம் அடிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றுவரை குளம்பைப் பிடித்துத்தான் குடும்பம் ஓடுகிறது. 'குதிரையோடு வேலை செய்ய ஆசை, எங்கே போவது?' என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவற்றை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் பாதிக்கு மேல் குதிரை மேல் ஏறத்தான் கேட்கிறார்கள். வேலை என்னவோ பெரும்பாலும் குதிரைக்குக் கீழேயும் பக்கத்திலும்தான் கிடக்கிறது.

கொருக்குப்பேட்டை, வயது 17: அண்ணே, ஜாக்கி ஆகணும். ஐந்தடி இரண்டு அங்குலம், 47 கிலோ இருக்கேன். கிண்டியில் போய்க் கேட்டால் சேர்த்துக்குவாங்களா?

தம்பி, 47 நல்ல எடைதான். ஆனால் பதினேழு வயதில் நிற்கிற எடை இருபத்தொன்றில் நிற்காது. உன் அப்பா, தாய்மாமன் உயரத்தைப் பார். உன் ஷூ சைஸையும் பார். பந்தயத்தில் குதிரைக்கு ஒதுக்கும் பாரத்தில் ஜாக்கியோடு சேணத்தையும் சேர்த்துத்தான் நிறுப்பார்கள். ஜாக்கிகள் பாதி ஆயுளைப் பசியிலேயே கழிப்பது இதனால்தான்.

கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்திருக்கிறது. ஆனால் குத்தகை பாக்கி விவகாரத்தில் 2024 செப்டம்பரில் அரசு அந்த 160 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. அதே வருடம் ஜூனில் ஊட்டி மைதானத்துக்கும் இதேதான் நடந்தது. அதனால் கிண்டியை மட்டும் நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதே. பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், மும்பை, புனே, கொல்கத்தா என்று மனசை அகலமாக வை. அங்கே ரேஸ் கிளப்புகள் பயிற்சி ஜாக்கிகளை எடுக்கும். கிளப்பின் ஜாக்கி பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைக்காதவர்கள் ஒரு டிரெய்னரிடம் ரைடிங் பாயாகச் சேர்ந்து, விடியற்காலைப் பயிற்சி ஓட்டத்தில் பெயர் வாங்கி மேலே வருவார்கள். பத்துப் பேர் ஏறினால் ஒருவன் ஜாக்கி ஆவது பெரிய விஷயம். மற்ற ஒன்பது பேருக்கும் அந்தக் காலை ஓட்டமே வேலை. அதுவும் மரியாதையான வேலைதான். பன்னிரண்டாவதை மட்டும் முடிக்காமல் கிளம்பாதே.

ராயபுரம், ஒரு தகப்பனார்: ரேஸ் பக்கம் போனவன் குடும்பம் உருப்பட்டதில்லை என்பார்கள். பையனை அனுப்பலாமா?

ஐயா, பணம் கட்டியவன் குடும்பம் வேறு, புல் போட்டவன் குடும்பம் வேறு. ஜாக்கி பந்தயம் கட்டவே கூடாது என்பது விதி. சட்டத்தைக் கேட்டால், தமிழ்நாடு அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது.

உங்கள் பயம் நியாயம்தான், காரணம் மட்டும் வேறு. பந்தயத் தொகைக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 40 ஆனது. கட்டுகிறவன் குறைந்தால் கிளப்பின் வருமானம் குறையும். அங்கே குறைந்தால் லாயத்தில் ஆள் குறைப்பார்கள். பையன் பந்தயக் குதிரைக்கு மட்டும் உதவுகிற வேலையைக் கற்காமல், எந்தக் குதிரைக்கும் உதவுகிற வேலையைக் கற்கட்டும்.

வியாசர்பாடி, வயது 24: பத்தாவது ஃபெயில். சைஸ் வேலை எப்படி இருக்கும்? எப்படிச் சேர்வது?

மற்ற எல்லாக் கதவும் இந்தக் கதவு வழியாகத்தான் திறக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை நான்கு மணிக்கு லாயத்துக் கதவைத் திறக்கிறாய். லைட்டைப் போட்டதும் குதிரையைப் பார்க்காதே, தரையைப் பார். லத்தி எத்தனை இடத்தில் இருக்கிறது, உருண்டையாக இருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? அப்புறம் தொட்டியைப் பார்: நேற்று இரவு போட்ட கொள்ளும் ஓட்ஸும் மிச்சம் இருக்கிறதா? லத்தி குறைந்து தீனியும் மிச்சம் இருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் சிக்கியது சிக்கியதுதான். முன்னங்காலால் தரையைப் பிறாண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்துப் புரளும். காலிக் என்று சொல்லும் இந்த வயிற்று வலியில் ஒரு மணி நேரம் தாமதித்தாலே குதிரை போய்விடலாம். இதை டாக்டருக்கு முன்னால் கண்டுபிடிப்பவன் சைஸ்தான். என்னைப் பழக்கிய ஜமேதார், அதாவது லாயத்து மேஸ்திரி, ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் விலாவில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே கடமுடவென்று சத்தம் வந்தால் சிரிப்பார். சத்தமே இல்லையென்றால்தான் ஓடுவார்.

மற்றபடி தேய்ப்பது, குளம்பு நோண்டுவது, நடத்திக்கொண்டு போவது, குளிப்பாட்டுவது, தண்ணீர் மாற்றுவது. ஒரு குதிரை நாளுக்கு இரண்டு மூன்று வாளி குடிக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூடும். சம்பளம் பெரிதாக இருக்காது. உன் குதிரை ஜெயித்தால் பரிசுப் பணத்தில் உனக்கும் ஒரு பங்கு வரும்.

எப்படிச் சேர்வது? இந்த வேலைக்கு யாரும் பேப்பரில் விளம்பரம் கொடுப்பதில்லை. அயனம்பாக்கம், ஈ.சி.ஆர். பக்கமெல்லாம் ரைடிங் ஸ்கூல்கள் இருக்கின்றன. காலை ஐந்தரைக்குப் போய், முதலாளியைத் தேடாமல் ஜமேதாரைத் தேடு. 'ஒரு வாரம் லத்தி அள்ளுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று கேள். மூன்றாவது நாளும் அதே ஐந்தரைக்கு வந்து நின்றால் உனக்கு வேலை உண்டு. போவதற்கு முன்னால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள். லாயத்து மண்ணில் கீறல் பட்டால் விளையாட்டில்லை.

பெரம்பூர், பதினொன்றாம் வகுப்பு மாணவி: அரசுப் பள்ளியில் படிக்கிறேன். குதிரை டாக்டர் ஆக நீட் வேண்டுமா?

பாப்பா, கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களில் நீட் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டில் உள்ள 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் பார்ப்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதிலும் உண்டு. விண்ணப்பம் கால்நடைப் பல்கலைக்கழகத்தில். அது மாதவரம் பால்பண்ணைப் பக்கம், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். 1903-ல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி அதைவிடப் பக்கம். படிப்பு ஐந்தரை வருடம், கடைசி ஒரு வருடம் நேரடிப் பயிற்சி.

ஒன்று தெரிந்துகொள்ளம்மா. 'குதிரை டாக்டர்' என்று தனியாக ஒரு பட்டம் முதலில் கிடையாது. மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் படித்துவிட்டுத்தான் குதிரைக்கு வர முடியும். விடுமுறையில் ஒரு லாயத்து டாக்டரோடு கூடவே சுற்று. வேப்பேரியில் என்.சி.சி.யின் ரீமவுண்ட் வெட்னரி பிரிவும், அதாவது குதிரை, கால்நடைப் பிரிவும் உண்டு. சேர்ந்தால் குதிரை ஏறவும் பழகலாம். பட்டம் வாங்கியபின் ராணுவத்தின் ரீமவுண்ட் வெட்னரி கோரில் அதிகாரியாகலாம், நேரடியாக கேப்டன் ரேங்க். ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

தண்டையார்பேட்டை: போலீஸில் குதிரைப் படைக்கு நேரடியாக ஆள் எடுப்பார்களா?

எல்லோரையும் போல சீருடைப் பணியாளர் தேர்வாணையத் தேர்வு எழுதிக் காவலராகச் சேர், அப்புறம் குதிரைப் பிரிவுக்கு விருப்பம் கொடு. மெரினாவில் குதிரையில் வருகிற காவலர்களைப் பார்த்திருப்பாய். ஒரு நாள் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்துப் பார், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

ராயபுரம், ஜட்கா குடும்பம்: ஒரு பெண் குதிரை வைத்திருக்கோம். சவுகார்பேட்டை கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறோம். இதை வைத்தே பிழைக்க முடியுமா, அண்ணே?

மார்வாடி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஏறப் பெண் குதிரையைத்தான் கேட்பார்கள், உங்களுக்கு அது வசதி. ஆனால் முகூர்த்த மாதம் போனால் வருமானமும் போய்விடும். குதிரை மட்டும் தினமும் சாப்பிடும். இடையில் சினிமா ஷூட்டிங் வரும். அதற்கு விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2001-ல் வந்த விதி அது. வண்டியில் பூட்டினால் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவெளி இல்லாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. 37 டிகிரியைத் தாண்டுகிற நாளில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை பூட்டவே கூடாது. இதுவும் சட்டம்தான். சித்திரை வெயிலில் மின்ட் தெருவில் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கில் கெட்டியாகச் சளி ஒழுகினாலோ தோலில் கட்டி கட்டியாக வந்து உடைந்தாலோ மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, மனிதனுக்கும் தொற்றும். உடனே வேப்பேரிக்கு ஓடுங்கள். இன்னொன்று, நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஈரத்திலேயே நிற்கிற குதிரையின் குளம்பு அடியில் கறுத்து, அழுகல் வாடை வரும். நிற்கிற இடத்தை இரண்டு செங்கல் உயரமாவது உயர்த்திக் கட்டுங்கள். மருந்து செலவைவிடச் செங்கல் மலிவு.

எர்ணாவூர்: துபாயில் குதிரை லாயத்தில் வேலை, இரண்டு லட்சம் கட்டு என்கிறான் ஏஜென்ட்.

கட்டாதே. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஈ.சி.ஆர். என்றால் நமக்கு மகாபலிபுரம் ரோடு. பாஸ்போர்ட்டில் அதே மூன்று எழுத்துக்கு 'குடியேற்றச் சோதனை தேவை' என்று அர்த்தம். பத்தாவது பாஸ் செய்யாதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவன் உன்னை விற்கிறான். 1997-ல் ஒருவன் என்னைக் 'குதிரைப் பண்ணை' என்று சொல்லி அனுப்பினான். போய்ப் பார்த்தால் அத்தனையும் ஒட்டகம்! திரும்பி வர எட்டு மாதம் ஆனது. நல்ல லாயங்கள் அங்கே நிறைய உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. இங்கே மூன்று வருட அனுபவமும் ஒரு டிரெய்னரின் கடிதமும் இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

பெரியமேடு, தோல் தொழிலாளி: சேணம் தைத்துப் பிழைக்க முடியுமா?

சேணத் தொழிலின் தலைநகரம் கான்பூர். புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள், ஏற்றுமதியில் போட்டி போடுவது கஷ்டம். ஆனால் சென்னையில் அறுந்த அங்கவடி வாரையும் கடிவாளத்தையும் தைத்துக் கொடுக்க ஆள் தேடி ரைடிங் ஸ்கூல்காரர்கள் அலைகிறார்கள். ரிப்பேரில் தொடங்குங்கள்.

வில்லிவாக்கம்: பந்தயம், கல்யாணம் இரண்டும் வேண்டாம். வேறு என்ன இருக்கிறது?

பலருக்குத் தெரியாத ஒன்று: பாம்புக்கடி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்துதான் வருகிறது. வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கிற விஷத்தை மருந்துக் கம்பெனிகள் வாங்கி, சிறு சிறு அளவாகக் குதிரைக்கு ஏற்றி, ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரிக்கிறார்கள். ஐதராபாத்திலும் மகாராஷ்டிராவிலும் இதற்கென்றே குதிரைகள் வளர்க்கிறார்கள். அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டும், மாதச் சம்பள வேலை. புனே பக்கமும் கர்நாடகாவில் குனிகல்லிலும் குட்டி போடும் பண்ணைகள் உண்டு. குதிரைக்குச் சினை பதினோரு மாதம். குட்டி பெரும்பாலும் நடு இரவில்தான் விழும். தூக்கம் பெரிதில்லை என்பவர்களுக்குச் சரி.

காசிமேடு, வெல்டர், வயது 29: லாடம் அடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை, அண்ணே. நெருப்பும் இரும்பும் பழக்கம். குதிரையைத்தான் தொட்டதே இல்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

இரும்பு தெரிந்தால் கால்வாசி தெரியும் என்று வை. மீதியெல்லாம் கால். குதிரையின் தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் அப்படியே காலோடு கீழே இறக்கிக்கொண்டு வா. முட்டிக்குக் கீழே பின் நரம்பை லேசாக அழுத்தினால் தானே தூக்கும். தூக்கியதை உன் இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொள். இனி அரை டன் உயிர் உன் முதுகில் சாயப் பார்க்கும். விடக் கூடாது, கோபமும் படக் கூடாது. பழைய ஆணியின் மடிப்பை அரத்தால் தேய்த்து, லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவ வேண்டும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கிட்ட வளரும், அதனால் நான்கைந்து வாரத்துக்கு ஒரு முறை உனக்கு வேலை உண்டு. ஆணி குளம்பின் வெளிச்சுவரில்தான் போக வேண்டும். காது கொடுத்து அடி: சரியான இடத்தில் போகிற ஆணி 'டங் டங்' என்று கெட்டியாகச் சொல்லும். சத்தம் 'தொப்' என்று மாறினால் சதைப் பக்கம் போகிறது, உடனே பிடுங்கு. பந்தயத்துக்கு அலுமினிய லாடம், பயிற்சிக்கு இரும்பு.

சென்னையில் நன்றாக லாடம் அடிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். எல்லோருக்கும் என் வயது. ரைடிங் ஸ்கூல், கல்யாணக் குதிரை, போலீஸ் குதிரை எதுவானாலும் குளம்பு வளர்வதை நிறுத்தாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வியாசர்பாடி மேம்பாலம் கீழே நில், சேர்ந்து போவோம். செருப்பு வேண்டாம், கெட்டி ஷூ போட்டு வா. முதல் மாதம் சுத்தியல் தர மாட்டேன், கால் மட்டும்தான் பிடிப்பாய்.