கேளுங்க அக்கா: ஒரு காயினுக்கு இரண்டு கால் ஆப்ஷன் விற்கலாமா?

*வணக்கமுங்க அக்கா. எங்களுக்கு விசைத்தறிதான் பொழப்பு. நாலு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி 0.4 பிட்காயின் சேர்த்திருக்கிறேன். விலை சரிந்துவிடுமோ என்று தூக்கம் வருவதில்லை. கூட்டாளி ஒருவர், “புட் ஆப்ஷன் வாங்கிப் போடு. அந்தப் பிரீமியத்தைச் சரிக்கட்ட இரண்டு மடங்கு கால் ஆப்ஷன் விற்றுவிடு. கைக்காசு போகாமல் ஹெட்ஜ் ஆகிவிடும்” என்கிறார். செய்யலாமுங்களா?*
பல்லடம் வாசகர்

செய்ய வேண்டாம் தம்பி. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: புட் என்பது குறித்த விலைக்கு விற்கிற உரிமை, கால் என்பது குறித்த விலைக்கு வாங்குகிற உரிமை, அந்த உரிமைக்குக் கொடுக்கிற காசு பிரீமியம், ஹெட்ஜ் என்றால் நஷ்டத்துக்குக் காப்பு. காலை விற்றவர், விலை எவ்வளவு ஏறினாலும் குறித்த விலைக்கே கொடுத்தாக வேண்டும். “இரண்டு மடங்கு” என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 2008 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதம் சுமார் 1 லட்சம் டாலருக்குச் சரக்குப் போகும். டாலர் 39 ரூபாய், 40 ரூபாய் என்று கிடந்த நேரம். இன்னும் இறங்கினால் கூலி கொடுக்கவே கட்டாது என்று முதலாளி பயந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். டாலர் 41 ரூபாய்க்குக் கீழே இருந்தால் மாதம் 1 லட்சம் டாலரை வங்கி 41 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளும். 41க்கு மேலே போனால் 2 லட்சம் டாலரை அதே 41 ரூபாய்க்கு நாங்கள் கொடுக்க வேண்டும். பிரீமியம் ஒரு பைசா இல்லை. இதுதான் ஒப்பந்தம். அதைத் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கி வைத்தவள் நான்தான்.

அந்த வருஷம் நவம்பரில் டாலர் 49க்கு வந்துவிட்டது. எங்கள் சரக்குக்கு வருவது 1 லட்சம் டாலர். மீதி 1 லட்சத்தை வெளியில் 49க்கு வாங்கி 41க்குக் கொடுக்க வேண்டும். மாதம் 8 லட்சம் ரூபாய், எந்தச் சரக்கும் அனுப்பாமல் வருகிற நஷ்டம். காங்கேயம் ரோட்டில் இருந்த இடத்தை விற்றுத்தான் முதலாளி அந்தக் கணக்கை முடித்தார். அந்தக் காலத்தில் திருப்பூரில் இப்படிச் சிக்கியவர்கள் நிறையப் பேர், நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு. அவர்களில் பலர் சூதாட நினைத்தவர்கள் இல்லை. காப்பு என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

உங்கள் கூட்டாளி சொல்வது அதே ஒப்பந்தம். டாலருக்குப் பதில் பிட்காயின், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். விலைகள் உதாரணத்துக்குத்தான். பிட்காயின் இன்று 60,000 டாலர். 54,000 டாலருக்கு விற்கிற உரிமை தரும் ஒரு மாதப் புட் வாங்க ஒரு காயினுக்கு 1,800 டாலர் பிரீமியம். உங்கள் 0.4க்கு 720 டாலர். விலை 42,000க்கு விழுந்தால் காயினில் 7,200 டாலர் போகும், புட்டில் 4,800 வரும். பிரீமியத்தையும் சேர்த்தால் உங்கள் நஷ்டம் 3,120. புட் இல்லாமல் இருந்தால் 7,200. இதுவரை நல்ல காப்பு.

ஆனால் விலை அப்படியே கிடந்தால் 720 டாலர் போனது போனதுதான். மாதாமாதம் இப்படிக் கட்டினால் வருஷத்துக்கு 8,640 டாலர். உங்கள் கையில் இருப்பதே 24,000 டாலர் சொத்து. அதில் 36 சதவீதத்தை இன்சூரன்ஸுக்கே கொடுத்துவிட்டு என்ன மிஞ்சும்? பிட்காயினில் பிரீமியம் இப்படி எகிறுவதற்குக் காரணம் அதன் ஆட்டம்தான். 2021 மே 19 அன்று ஒரே நாளில் 43,000 டாலரிலிருந்து 30,000 வரை விழுந்து எழுந்த சரக்கு அது. விற்கிறவர் அதையும் சேர்த்துத்தான் விலை வைப்பார்.

இன்னொன்றும் பாருங்கள். 60,000ல் நிற்கும்போது அந்த 54,000 புட்டின் டெல்டா கிட்டத்தட்ட கால்வாசிதான் இருக்கும். அதாவது காயின் 100 டாலர் இறங்கினால் புட் 25 டாலர் போலத்தான் ஏறும். சின்னச் சரிவுகளுக்குக் கால்வாசிக் காப்பு. விலை 54,000ஐ நெருங்கி அதற்கும் கீழே போகப் போகத்தான் அது முழுசாகத் தாங்கும். வாங்கிய மறுநாளே விலை கொஞ்சம் இறங்கி, புட் பெரிதாக ஏறவில்லையே என்று பதறி விற்றுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, இப்போது கால் பக்கம் வருவோம். 68,000 டாலருக்கு வாங்குகிற உரிமை தரும் காலை விற்றால் ஒரு காயினுக்கு 1,400 டாலர் கிடைக்கிறது என்று வையுங்கள். 0.4க்கு மட்டும் விற்றால் 560 டாலர் வரும். புட்டுக்கான கைச்செலவு 160 டாலராகக் குறைந்துவிடும். பதிலுக்கு 68,000க்கு மேலே வரும் லாபம் உங்களுக்கு இல்லை. இதைக் காலர் என்பார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, காயின் கையில் இருக்கிறது, கால் அதற்குச் சமம்.

கூட்டாளி சொன்னபடி 0.8க்கு விற்றால் 1,120 டாலர் வரும், புட் போக 400 டாலர் மிச்சம்கூட இருக்கும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். விலை 90,000க்கு ஏறியது என்று வையுங்கள். காயினில் லாபம் 12,000. விற்ற கால்களில் நஷ்டம் 17,600. மிச்சமான 400ஐக் கழித்தாலும் 5,200 டாலர் கையை விட்டுப் போகும். உங்கள் சொத்து ஒன்றரை மடங்காகியும் நீங்கள் நாலரை லட்சம் ரூபாய் போல இழப்பீர்கள். அப்படியெல்லாம் ஏறுமா என்று கேட்காதீர்கள். 2024 பிப்ரவரியில் ஒரே மாதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அப்புறம், இந்தச் சந்தை ராத்திரி பகல் ஓடுகிறது. மார்ஜின், அதாவது ஈடாகக் கட்டிய பணம், பற்றாமல் போனால் நீங்கள் தூங்கும்போதே உங்கள் பொசிஷனை முடித்துவிடுவார்கள்.

சில தளங்களில் காயினையே மார்ஜினாக வைக்கச் சொல்வார்கள். அப்படிப் புட் விற்கிற வேலைக்கு ஒரு நாளும் போகாதீர்கள். விலை விழும்போது கடன் ஏறும், அடமானமாக வைத்த காயினின் மதிப்பும் அதே நேரத்தில் இறங்கும்.

வரியும் ஹெட்ஜுக்கு எதிராக நிற்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, செஸ் தனி. ஒரு விற்பனையில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 80,000 நஷ்டம் என்றால் கையில் நிற்பது 20,000, வரியோ 30,000. டெல்டா மாற மாற அதற்கு ஈடாகக் காயினை அடிக்கடி விற்று வாங்கினால் ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீதம் டிடிஎஸ் வேறு பிடிப்பார்கள். ஆப்ஷனில் வரும் லாப நஷ்டத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்று உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தளம் மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்ததா என்றும் பாருங்கள். கிரிப்டோ ஆப்ஷன் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் கையில் இல்லை, தகராறு வந்தால் அங்கே போய் நிற்க முடியாது.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என் பதில் அதற்குத்தான். தறிக்குக் கடன் இருந்தால் பாதிக் காயினை விற்றுக் கடனை அடையுங்கள். பிரீமியம் இல்லாத, காலாவதி ஆகாத காப்பு அது ஒன்றுதான். மீதி 0.2க்குப் புட் வேண்டுமா என்று அப்புறம் யோசிக்கலாம்.

*அக்கா, நான் கோபியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். ஈரோட்டில் எங்க மாமாவின் மஞ்சள் மண்டிக்கு தினசரி விலை போடுகிற மாதிரி ஒரு வெப்சைட் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சீனியர்கள் ஒருவர் பைத்தான் என்கிறார், ஒருவர் நோட் ஜேஎஸ் என்கிறார், பிஎச்பி செத்துப்போச்சு என்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?*
கோபிசெட்டிபாளையம் வாசகி

முதல் சைட்டே ஒரு மண்டிக்கு என்றால் நீ கொடுத்து வைத்தவள் கண்ணு. கல்லூரி புராஜெக்ட் மதிப்பெண் வந்ததும் மூடிவிடும், இதை நாளைக்குக் காலையிலேயே ஒருத்தர் திறந்து பார்ப்பார்.

பிரவுசருக்குள் ஓட ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது. 1995ல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் எழுதிய மொழி, அந்த அவசரம் இன்னும் சில இடங்களில் தெரியும். பக்கத்தைக் கட்டுகிற எச்டிஎம்எல், அதை அழகுபடுத்துகிற சிஎஸ்எஸ் கூடவே அதையும் நன்றாகப் படித்துவிடு. அதன் கண்டிப்பான வடிவமான டைப்ஸ்கிரிப்ட் பின்னால் வரட்டும். கேள்வி எல்லாம் விலையைச் சேமித்து அனுப்புகிற சர்வர் பக்கம்தான், சீனியர்கள் சொன்ன மூன்றும் ஓடுவது அங்கேதான்.

அங்கே எனக்கு ஒரே ஒரு கேள்வி. படிப்பு முடிந்து நீ பெங்களூருக்கோ கோவை சரவணம்பட்டிக்கோ வேலைக்குப் போன பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை சைட் நின்றுவிட்டால் மாமா யாரைக் கூப்பிடுவார்? ஈரோட்டில் வெப்சைட் செய்து கொடுக்கிற கடைக்காரருக்கு பிஎச்பி தெரிந்திருக்கும், சாதாரண ஹோஸ்டிங்கிலும் அது ஓடும். சைட் கட்டப் பலரும் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸ் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உலகத்து சைட்களில் பாதிக்கு மேல் இன்றும் பிஎச்பியில் ஓடும்போது செத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது? மண்டிக்கு பிஎச்பியும், விலைகளைச் சேமித்து வைக்க மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் போதும்.

பைத்தான் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் சைட் கட்ட ஜாங்கோ என்ற ஆயத்தக் கட்டமைப்பு உண்டு, விலை போடுகிற நிர்வாகப் பக்கம் அதில் தானாகவே வந்துவிடும். மண்டிக் கணக்குப்பிள்ளை விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை, குவிண்டாலுக்குக் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று தட்டிவிட்டுப் போகலாம், நீ அந்தப் படிவத்தைக் கட்ட வேண்டியதில்லை. மாமாவின் பழைய விலை நோட்டுகளை ஏற்றி வரைபடம் போடுகிற ஆசை இருந்தால் பைத்தானுக்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். ஆனால் சர்வரை யார் பார்த்துக்கொள்வது என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு போ.

எந்த மொழியானாலும் தமிழ் எழுத்தில் ஒரு முறை சோதித்துப் பார். ‘மஞ்சள்’ நமக்கு நான்கு எழுத்து. பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் நீளம் கேட்டால் 6 என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியைத் தனியாக எண்ணும். பிஎச்பியில் நீளம் கேட்கிற சாதாரண எஸ்டிஆர்லென் 18 என்று சொல்லும், அது எழுத்தைச் சேமிக்கிற பைட்டை எண்ணுகிறது. நீளம் பார்த்துப் பெயரை வெட்டுகிற இடத்தில் இது தெரியாமல் எழுதினால் ‘மஞ்சள்’ பாதியில் அறுந்து கட்டம் கட்டமாகத் தெரியும். விவசாயி தன் ஊர்ப் பெயர் உடைந்து கிடப்பதைப் பார்த்தால் விலையையும் நம்ப மாட்டார். டேட்டாபேஸில் எழுத்து வகையை எல்லா மொழி எழுத்தையும் தாங்குகிற யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்துவிடு.

பக்கத்தை லேசாக வை. லோடு ஏற்றிக்கொண்டு வருகிறவர் வழியில் சிக்னல் அரைகுறையாக இருக்கும்போதுதான் விலை பார்ப்பார்.

*ஜாவாஸ்கிரிப்டில் கிரிப்டோ கணக்கு வைக்கும் சைட் எழுதுகிறேன். மொத்தம் கூட்டினால் கடைசி இலக்கம் தப்பாக வருகிறது. என் கோடிலா, மொழியிலா தப்பு?*
சூலூர் வாசகர்

நீங்கள் புள்ளி வைத்த எண்ணில் கணக்கு வைத்திருக்கிறீர்கள், கம்ப்யூட்டர் அதை இரும எண்ணாக மாற்றி வைக்கும்போது துல்லியம் கொஞ்சம் தவறுவதால் வருவது இது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 0.30000000000000004 என்று தரும். பைத்தானும் அப்படியேதான், அதில் டெசிமல் என்ற தனி வகை இருப்பதால் தப்பிக்கலாம். ரூபாயைப் பைசாவாக, பிட்காயினைச் சதோஷியாக முழு எண்ணில் வையுங்கள். ஒரு பிட்காயின் 10 கோடி சதோஷி, இது சாதாரண எண்ணுக்குள் அடங்கும். ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோவின் கடைசிச் சில்லறையான வெய் அடங்காது. ஒரு ஈதருக்கு 1 போட்டு 18 சைபர், ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் தாங்குவது 9007199254740991 வரைதான். அங்கே பெரிய முழு எண்ணைத் தாங்குகிற பிக்இன்ட் என்ற வகை வேண்டும். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வையுங்கள்.

*என் பையன் கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். தானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறானாம், அது ராத்திரியெல்லாம் கிரிப்டோ ஆப்ஷன் வாங்கி விற்குமாம். என் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்துவிட்டேன். தப்புப் பண்ணிட்டேனுங்களா?*
காங்கேயம் வாசகி

அம்மா, நீங்கள் பிள்ளையை நம்பியது தப்பில்லை. அவன் எழுதியதும் சும்மா வராது, உழைத்துத்தான் எழுதியிருப்பான். ஆனால் அந்தப் பணத்தை இந்த வாரமே வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

பங்குச் சந்தை பியூச்சர், ஆப்ஷனில் 2021-22லிருந்து மூன்று நிதியாண்டுகளைச் செபி ஆராய்ந்து 2024 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். அது கண்காணிப்பு உள்ள சந்தை. உங்கள் பையன் இறங்கியிருப்பது அதைவிட ஆட்டம் கூடிய இடம். அவனிடம் காயின் எதுவும் இல்லை என்றால் அவன் செய்வதற்குப் பெயர் ஹெட்ஜிங் இல்லை, நேரடிப் பந்தயம்.

புரோகிராமை அழிக்கச் சொல்லாதீர்கள். பல தளங்கள் பொய்ப் பணத்தில் சோதிக்க டெஸ்ட்நெட் தருகின்றன. மூன்று மாதம் அதில் ஓடட்டும், ஒவ்வொரு வர்த்தகத்தையும் கமிஷன், வரி உட்பட அவன் ஒரு நோட்டில் எழுதட்டும். நகையை மீட்டதும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அந்த நோட்டையும் புரோகிராமையும் பையன் அனுப்பி வைத்தால் நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.