வறள்காட்டுக் குழிவிரியன் – கடிதம்

வணக்கம்.

பிரேசிலின் வடகிழக்கில் உள்ள கட்டிங்கா என்ற வறண்ட புதர்க்காடு பற்றி எழுதும்போது அங்குள்ள குழிவிரியனுக்கு இரண்டே வரி ஒதுக்கி, 'இதன் விஷம் மருந்துக் கலவையில் இல்லை' என்று முடித்துவிட்டீர்கள். விஷமுறிவு மருந்து எல்லாப் பாம்புக்கும் ஒன்றுதானே? அப்புறம் என்ன கவலை?

க., திருச்சி

அன்புள்ள க.,

ஒன்று இல்லை. இதை உலகத்துக்கு அழுத்திச் சொன்னவர்களில் முக்கியமானவரே பிரேசில்காரர்தான். நாகப்பாம்பு விஷத்தில் செய்த தன் மருந்து மற்ற பாம்புக்கடிக்கும் போதும் என்று பிரான்ஸின் ஆய்வாளர் கால்மெட் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது எங்கள் பாம்புகளிடம் எடுபடவில்லை என்று காட்டினார் விட்டால் பிரசில் என்ற மருத்துவர். 1901ல் சாவ் பாவ்லோவில் தொடங்கிய, விஷமுறிவு மருந்து தயாரிக்கும் புடான்டன் நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர்.

நீங்கள் கேட்கும் பாம்பு போத்ராப்ஸ் எரித்ரோமெலாஸ். ஊர்க்காரர்கள் ஜராராக்கா ட செக்கா என்பார்கள். பெரும்பாலும் அரை மீட்டர் அளவுதான், குட்டி போடும், இரவில் நடமாடும். குட்டிகள் பூரானைக்கூடத் தின்னும், வளர்ந்தவை பல்லி, எலி என்று போகும். காய்ந்த சருகும் கல்லும் கலந்த தரையில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, அதனால்தான் வயலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் போகிறவர்கள் மிதித்துவிடுகிறார்கள்.

இதன் விஷம் ரத்தம் உறைவதற்கான புரதங்களை ஒரேயடியாகத் தூண்டிவிடுகிறது, அவை தீர்ந்துபோனதும் ரத்தம் உறையவே மாட்டேன் என்கிறது, ஈறில்கூடக் கசியலாம். பிரேசிலில் போத்ராப்ஸ் வகைப் பாம்புகளின் கடிக்குக் கொடுக்கும் மருந்து, அவற்றில் ஐந்து பாம்புகளின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. செலுத்தும் விஷத்தில் சரிபாதி, தென்கிழக்கின் ஈரக்காடுகளில் வாழும் ஜராராக்கா என்ற வேறொரு பாம்பின் விஷம். வறள்காட்டுப் பாம்பின் விஷம் அந்த ஐந்தில் இல்லை. நெருங்கிய உறவுப் பாம்புகள் என்பதால் மருந்து இதற்கும் வேலை செய்கிறது, அரசு இலவசமாகவே தருகிறது, கடிபட்டவர் தயங்காமல் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் கருத்து, இதன் விஷத்தையும் கலவையில் சேர்க்க வேண்டும். 1923ல் இந்தப் பாம்புக்கு அறிவியல் பெயர் வைத்த அஃப்ரானியோ டோ அமரால் அதே புடான்டனின் இயக்குநராக இருந்தவர். வடகிழக்கில் பலரைக் கடிக்கும் பாம்பை, அதற்குப் பெயர் வைத்தவரின் நிறுவனமே வெளியே நிறுத்தியிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

நம் பக்கமும் இதே கதை உண்டு. இந்திய மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்குக்குத்தான். அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு. இலங்கையிலும் கேரளத்திலும் மூக்கு மேல்நோக்கி வளைந்த ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கிறது, இலங்கையில் ஏராளமானவரைக் கடிப்பது அதுதான், சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிறது. அதற்கு இந்த மருந்து பலன் தருவதில்லை. பிரேசில்காரருக்கு உறவுப் பாம்பின் மருந்தாவது கைகொடுக்கிறது, இங்கே அதுவும் இல்லை.