கடைமுகத்துக்கு மாயவரம் வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

ஐப்பசி பிறந்தாலே தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது எங்கள் ஊர்க் காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்தைப் பற்றித்தான். பிறந்தது, வாழ்க்கைப்பட்டது இரண்டுமே மாயவரம் என்கிற மயிலாடுதுறை, ஒரு கடைமுகத்தையும் விட்டதில்லை. இந்த வருஷம் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

அக்கா, கடைமுகம் என்றால் என்ன? எந்தத் தேதியில் வரும்? (சென்னையிலிருந்து ஒரு தம்பி)

கடைமுழுக்கு என்பதைத்தான் பேச்சில் கடைமுகம் என்கிறோம். ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா ஸ்நானம். கங்கை முதலான நதிகள் எல்லாம் தங்கள் பாவத்தைக் கழுவ அந்த மாதம் காவிரிக்கு வருகின்றன என்பது நம்பிக்கை. முதல் முழுக்கு திருச்சிக்கு மேற்கே திருப்பராய்த்துறையில், கடைசி முழுக்கு எங்கள் ஊரில். ஐப்பசி கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 அல்லது 16ஆக இருக்கும், ஆனால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள். கடைசிப் பத்து நாளுக்குக் கொடியேற்றி உற்சவம் நடக்கும். திருக்கல்யாணம், தேர் எல்லாம் முடிந்து பத்தாம் நாள்தான் கடைமுகம்.

கும்பகோணத்திலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாமா அக்கா?

தாராளமாக. ரயிலில் வாருங்கள். அன்றைக்குக் காரை எடுத்துவந்தால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ பிடித்து, கூட்டம் தொடங்கும் இடத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். முழுக்கை விடிகாலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மதியம் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊர்ச் சிவன் மாயூரநாதர் அம்பாள் அபயாம்பிகையோடு வந்து, வடகரை வள்ளலார் கோயில் சுவாமியும் மற்றக் கோயில் சுவாமிகளும் இரண்டு கரையிலும் எழுந்தருளி, சுவாமியின் ஆயுத வடிவமான அஸ்திரதேவரை ஆற்றில் முழுக்காட்டும்போது படிக்கட்டில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் தண்ணீருக்குள் முண்டாமல் கரை மேலே நின்று பாருங்கள். மேளமும் நாகஸ்வரமும் இரண்டு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்கும், நடு ஆற்றில் நந்தி மண்டபம் தெரியும். எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா? ஒன்றுக்கு நாலு வயது, இன்னொன்றுக்கு ஏழு. (திருவாரூரிலிருந்து ஒரு தங்கை)

கூட்டி வாம்மா, ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை என்று கணக்கு வைத்துக்கொள். என் மகன் நாலு வயதில் ஒரு கடைமுகத்தன்று கையை விட்டுவிட்டான், கால் மணி நேரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. வளையல் கடைக்கார அம்மா ஒருவர் அவனைத் தன் பெட்டி மேல் உட்காரவைத்துக் கையில் பொரி உருண்டை கொடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்கையில் பேனாவால் போன் நம்பர் எழுதித்தான் அனுப்புகிறேன். கொலுசு, சங்கிலி எதுவும் வேண்டாம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்பது மேட்டூரையும் மழையையும் பொறுத்தது, பிள்ளைகளை மேல்படியிலேயே நிறுத்திச் சொம்பால் ஊற்றிவிடு, அதுவே முழுக்குத்தான். ராட்டினம் சாயங்காலத்துக்கு இருக்கட்டும்.

என்ன வாங்கலாம், என்ன சாப்பிடலாம்?

சாப்பிட மிளகாய் பஜ்ஜி, பெரிய அப்பளம், பொரிகடலை. சூடாக எடுப்பதை மட்டும் சாப்பிடுங்கள், நறுக்கி வைத்த பழம் வேண்டாம். வாங்குவதென்றால் நான் முதலில் இரும்புக் கடைக்குத்தான் போவேன். தோசைக்கல், அரிவாள்மனை எல்லாம் தூக்கிப் பார்த்துத் தட்டிப் பார்த்து வாங்கலாம். கனமான சாமானைக் கிளம்பும்போது வாங்குங்கள், அதுவரை சுமக்க முடியாது.

மழை வந்தால்?

வரும். வடகிழக்குப் பருவமழை சரியாக அந்த நாட்களில்தான் டெல்டாவில் கொட்டும். குடை கூட்டத்தில் அடுத்தவர் கண்ணைக் குத்தும், பிளாஸ்டிக் கோட்டு போதும். மாற்றுத்துணியைப் பாலிதீன் பையில் சுற்றிவையுங்கள். அப்புறம் ஒன்று, முழுகிய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் படியெல்லாம் சேறும் துணியுமாகக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. காவிரிக்குச் செய்யும் மரியாதை அது இல்லை.

முழுக்கு முடிந்து எந்தக் கோயிலுக்குப் போகலாம்?

மாயூரநாதர் கோயில்தான் முதலில். அம்பாள் மயிலாக வந்து பூசித்த ஊர், அதனால்தான் மயிலாடுதுறை. அபயாம்பிகை சன்னதியை ஒட்டிச் சேலை சாத்திய லிங்கம் ஒன்று இருக்கிறது, அனவித்யாம்பிகை என்பார்கள், தவறவிடாதீர்கள். நேரம் இருந்தால் திருஇந்தளூர் பரிமளரங்கநாதரைப் பாருங்கள். பெருமாளின் தலைமாட்டில் காவிரியும் கால்மாட்டில் கங்கையும் இருக்கிறார்கள், அதைப் பார்த்தால் இந்த மாதம் எதற்கு என்று புரியும்.

அக்கா, அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. ஆசைப்படுகிறார், அந்தக் கூட்டத்தில் எப்படி அழைத்துவருவது? (தஞ்சாவூரிலிருந்து ஒரு தம்பி)

கடைமுகத்தன்று வேண்டாம் தம்பி, மறுநாள் கார்த்திகை முதல் தேதி கூட்டி வா. அதற்குப் பேரே முடவன் முழுக்கு. நடக்கமுடியாத ஒருவர் எங்கிருந்தோ கடைமுழுக்குக்குக் கிளம்பி, தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அவர் அழுது முறையிட, இன்றைக்கு முழுகினாலும் அதே பலன் உனக்கு உண்டு என்று சுவாமி சொன்னதாக எங்கள் ஊர்க் கதை. மெதுவாக வருகிறவர்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கிய ஊர் இது! எனக்குக் கடைமுகத்தைவிட இந்த நாள் ஒரு படி மேல். அன்றைக்குக் கூட்டம் குறைவு, கடைகளும் இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். என் மாமியாரின் கடைசி ஐந்து வருஷமும் அன்றைக்குத்தான் அழைத்துப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப்போய்ப் படியோரம் போட்டு உட்காரவைத்து, நாலு சொம்பு ஊற்றுவோம். அம்மா எந்த ரயிலில் வருகிறார் என்று முன்கூட்டியே சொல், நாற்காலி எங்கள் வீட்டிலிருந்து வரும்.