ராயல் கிரெசென்ட் கல் வீடுகள்: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ராயல் கிரெசென்ட் ஒரே அரண்மனைபோலத் தெரிகிறது. அது தனித்தனி வீடுகளா?

பதில்: ஆம், 30 வீடுகள். கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் 1767 முதல் 1775 வரை எழுப்பிய அந்தப் பிறைவடிவ வரிசையை, முதல் மாடியிலிருந்து எழும் 114 அயோனிக் தூண்கள் (உச்சியில் சுருள் வடிவம் கொண்ட கிரேக்கப் பாணித் தூண்கள்) ஒரே கட்டடமாக இணைக்கின்றன. முகப்பு மட்டுமே வுட்டின் வடிவமைப்பு. அதில் ஒரு பகுதியை வாங்கியவர், அதன் பின்னால் தம் தேவைக்கேற்ப வேறொரு கட்டடக் கலைஞரைக் கொண்டு வீடு கட்டிக்கொண்டார். அதனால் பின்பக்கத்தில் கூரையும் ஜன்னலும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. அங்கே போகிறவர்கள் அந்தப் பக்கத்தையும் அவசியம் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: தேன் நிறக் கல் என்கிறார்கள், சில சுவர்கள் கறுத்திருப்பது ஏன்? விரிசலைச் சிமென்டால் அடைக்கலாமா, ஐயா?

பதில்: இந்த வீடுகளைக் கட்டிய பாத் கல் ஒருவகைச் சுண்ணாம்புக்கல். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மீன் சினையைப்போலச் சின்னஞ்சிறு உருண்டைகள் நெருக்கமாக ஒட்டியிருப்பது தெரியும். வெட்டியெடுத்த புதிதில் மென்மையாக இருப்பதால் எந்தத் திசையிலும் செதுக்கலாம். ஆனால் சுவரில் வைக்கும்போது, பூமிக்குள் எப்படிப் படிந்திருந்ததோ அதே கிடையில் வைக்க வேண்டும், நிமிர்த்தி வைத்தால் நாளடைவில் ஏடு ஏடாக உரியும். நிலக்கரிப் புகையிலிருந்த கந்தகம் கல்லின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்ற, அதில் கரி சிக்கிக்கொண்டது. மழை கழுவும் இடங்கள் வெளுத்தும், மழை படாத விளிம்புகளின் அடிப்பாகம் கறுத்தும் இருப்பது இதனால்தான். சிமென்ட் வேண்டவே வேண்டாம். சுவருக்குள் புகுந்த ஈரம் மென்மையான சுண்ணாம்புச் சாந்தின் வழியாக வெளியேறும். கெட்டியான சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் கல் வழியாகவே வெளிவர முயன்று, சாந்து நிற்க, கல் அரிக்கப்படுகிறது. அப்படிக் குழி விழுந்த கற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: அடைத்த ஜன்னல்கள் எல்லாம் ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தவைதானா?

பதில்: எல்லாம் அல்ல. ஜன்னல்களின் எண்ணிக்கையைப் பொறுத்து விதித்த அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் முகப்பின் சமச்சீருக்காகத் தொடக்கத்திலேயே போலி ஜன்னலாகக் கட்டியவையும் உண்டு.

கேள்வி: சமையலறையும் நிலக்கரியும் எங்கே இருந்தன?

பதில்: இத்தகைய வீடுகளில் சமையலறை பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தது, விருந்தினரை வரவேற்கும் பெரிய கூடம் முதல் மாடியில். வீட்டுக்கும் நடைபாதைக்கும் இடையிலுள்ள பள்ளம் அடித்தளத்துக்கு வெளிச்சம் தந்தது. பள்ளத்துக்கு அப்பால், நடைபாதைக்கும் தெருவுக்கும் அடியில் வளைவுக் கூரையுள்ள நிலவறைகள் இருந்தன. பல இடங்களில் பழைய நிலமட்டத்திலேயே அவற்றைக் கட்டி, அவற்றின்மேல் தெருவை உயர்த்தினார்கள். நடைபாதையில் இன்றும் காணப்படும் வட்ட இரும்பு மூடிகளைத் திறந்துதான், வீட்டுக்குள் தூசி படாமல் நிலக்கரியை உள்ளே கொட்டினார்கள்.